பதநீர்க் கலயத்தில் ஊறிய துரு

யுத்தம் முடிந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. நான் தூத்துக்குடியில் விஞ்ஞான வாத்தியார். கோபம் மூக்கு நுனியிலேயே நிற்கும். ரேடியோச் சுருளுக்குள் வைக்க ஒரு பீங்கான் வில்லை செய்தே தீருவது என்று எனக்கு அப்போது ஒரே வெறி. இரும்பை வைத்தால் அதற்குள் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடிச் சூடாகிவிடும். வில்லை காந்தத்துக்கு இணங்க வேண்டும், மின்சாரத்தை உள்ளே விடக்கூடாது. துருவோடு துத்தநாகமும் மாங்கனீசும் சேர்த்துச் சுட்டால் அப்படி ஒன்று கிடைக்கும், அதற்கு ஃபெரைட் என்று பெயர் என்று படித்திருந்தேன்.

துறைமுகத்தில் பழைய நங்கூரச் சங்கிலியில் துருவைச் சுரண்டினேன். மற்ற இரண்டும் செத்த டார்ச் பேட்டரிகளை உடைத்து எடுத்தவை. எல்லாவற்றையும் பொடித்து, வீட்டில் கிடந்த ஒரு மண் கலயத்தில் ஊறவைத்து, கொல்லன் உலையில் சுட்டேன். துறைமுக எலெக்ட்ரிக் பட்டறையில் அளந்து பார்த்தால், யம்மாடி! மின்சாரம் உள்ளே நுழையவே இல்லை.

அந்த வில்லையை, என்னென்ன சேர்த்தேன் என்ற குறிப்போடு ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். இதேபோல இன்னும் மூன்று செய்து, செய்முறையையும் விவரமாக எழுதினால் ஆராய்ச்சிக்கு இடம் தருவதாகப் பதில் வந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இனி எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று புதுக் கலயங்களாக வாங்கினேன். அதோடு பிடித்தது சனியன். பதினோரு வில்லை சுட்டேன். பதினொன்றிலும் மின்சாரம் தாராளமாக ஓடியது. பட்டறை மேஸ்திரி சிரித்தார்.

"வாத்தியாரய்யா, இதுக்குப் பேசாம ஒரு கம்பித் துண்ட அனுப்பிருங்க."

விடுவேனா? பள்ளிக்கூடம் விட்டதும் நேரே உலைக்குத்தான். சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன், எடையை மாற்றினேன். பன்னிரண்டாவதும் கைவிட்டதும் வில்லையை முற்றத்தில் விட்டெறிந்தேன். என் மனைவி அதை எடுத்துவந்து வைத்தாள்.

"மொதல்ல ஊறவச்சியளே, அது எங்க அப்பா பதனி குடுத்துவிட்ட கலயம்லா?"

"அதுக்கென்னளா இப்போ?"

"பதனி புளிக்காம இருக்க உள்ள சுண்ணாம்பு தடவியிருப்பாவ. கழுவவா செய்திய?"

நான் டவுனில் வளர்ந்தவன். பதநீரைக் குடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அவள் குலசேகரன்பட்டினம் பக்கத்துப் பனங்காட்டுக்காரி. மறுநாளே பள்ளித் தராசில் சுண்ணாம்பை நிறுத்துச் சேர்த்தேன். கொஞ்சம் சேர்த்தபோது மின்தடை ஏறியது. இன்னும் சேர்த்தபோது மளமளவென்று ஏறியது. மிஞ்சிப் போனதும் காந்தம் ஒட்ட மறுத்தது. சரியான அளவு பிடிபட ஒரு மாதம் ஆனது. சுண்ணாம்பு இரும்புத் துகளுக்குள் போகாமல், செங்கல்லுக்கு நடுவே காரை நிற்பதுபோல இடையில் நின்று மின்சாரத்தை மறித்திருக்கிறது. மூன்று வில்லையும் ஒன்றுபோல வந்தன.

ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் எழுதி அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முதல் வில்லையிலேயே யோசித்துச் சுண்ணாம்பு சேர்த்ததாக எழுதியிருந்தேன்.

"யோசிச்சா சேத்திய?" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும்!" என்று கத்தினேன். அவள் எழுந்துபோய்ச் சோறு போட்டு வைத்தாள். எனக்கோ சோறு இறங்கவில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டேன். கழுவாத கலயம், சுண்ணாம்பு, அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். இடம் போச்சு, சிரிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போனால் போகட்டும் என்று தபாலில் போட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது.

"உங்கள் முதல் வில்லையை அன்றே பரிசோதித்தோம். அதில் சுண்ணாம்பு இருந்தது. உங்கள் குறிப்பில் இல்லை. அது எப்படி வந்தது என்று நீங்களே சொல்கிறீர்களா பார்க்கலாம் என்றுதான் காத்திருந்தோம். ஜூலையில் வந்து சேரவும்."

படித்து முடித்ததும், கிழித்துப் போட்ட அந்தக் கடிதத்தை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.