கைப்பிடி இல்லாத படி

அழைப்பு மணி அடித்தால் திரைக்காரம்மா கதவுக்குப் போவதில்லை, படிக்குத்தான் ஓடுவார். சுவரோரம் மாட்டியிருக்கும் மரக் கைப்பிடியைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். கொக்கிகளைத் திருகி எடுத்துத் தையல் டப்பாவில் போடுவார். துணியில் கோடு போடும் வெள்ளைக் கட்டியைத் தேய்த்துத் துளைகளை அடைப்பார். "வர்றேன், வர்றேன்! கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்ற குரல் மட்டும் அவருக்கு முன்னால் வாசலுக்குப் போகும்.

திரைச்சீலை தைப்பது தொழில். தெருவில் பாதி ஜன்னல்களை மறைத்தவர் அவர்தான். அவர் வீட்டிலோ சுவருக்குப் பதில் கண்ணாடி; ஒரு முழம் திரை கிடையாது. போடக் கூடாது. மாமனார் வரைந்து கட்டிய வீடு. தட்டைக் கூரை, தூணே இல்லாத மூலைகள், சுவரிலிருந்து பலகை பலகையாக நீண்டு அந்தரத்தில் நிற்கும் படி. அந்தக் காலத்தில் இப்படி ஒரு வீட்டை அந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை. கட்டடக்கலைப் புத்தகங்களில் இதற்கு இரண்டு பக்கம். அதில் அரைப் பக்கம் படிக்கு மட்டும். "புத்தகத்துக்கு அது அதிசயம். மழை பெஞ்சா எனக்கு நாலு வாளி" என்பார்.

மரபுக் கட்டடக் குழு வாசலில் பெயர்ப்பலகை பதித்தபோது வைத்த நிபந்தனை ஒன்றுதான்: எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் கூரையைப் பழுதுபார்த்துத் தரும் பொறுப்பைக் குழு கைகழுவிவிடும். போன மழைக்காலத்தில் கணவர் அந்தப் படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அம்மாள் தச்சரை அழைத்துக் கைப்பிடி போட்டுவிட்டார். அன்று முதல் கேமராவோடு வருகிறவர்கள் எல்லாரும் அவர் கணக்கில் குழுவின் ஒற்றர்கள்.

இன்று கேமராவோடு வந்தவள் ஓர் இளம்பெண். ஆராய்ச்சி மாணவி என்றாள். அம்மாள் அவள் செருப்பைப் பார்த்தார். 'தெருத்தெருவா வீடு பாக்கறவளுக்கு இவ்ளோ சுத்தமான செருப்பா?'

"நான் கூப்பிடற வரைக்கும் எறங்காதீங்க" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சொந்த வீட்லயே எனக்கு ஊரடங்கு" என்றது மேலிருந்து ஒரு குரல்.

பெண் படியருகே நின்று சுவரைத் தடவினாள். விரலில் வெள்ளைத் தூள்.

"உதிருதே, ஆன்ட்டி?"

"பழைய சுவரு. வயசானா உதிராதா? உனக்கும் ஒருநாள் உதிரும்."

பெண் சிரித்தாள், அம்மாள் சிரிக்கவில்லை. "கைப்பிடியே வேண்டாம்னு உங்க மாமனார் நெனச்சாரு பாருங்க, எவ்ளோ துணிச்சல்!" என்றாள் பெண், சற்று உரக்க.

மேலே நாற்காலி நகர்ந்தது. "யாரு, எங்கப்பாவைப் பத்தியா பேசறது?" கணவர் மேல்படிக்கு வந்துவிட்டார். பழக்கத்தில் அவர் கை சுவரோரம் நீண்டது. விரல்கள் கைப்பிடியின் பருமனுக்கு வளைந்து, வெறுங்காற்றைப் பற்றின. உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது.

அம்மாள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, அந்தக் கைக்கு அடியில் தம் தோளைக் கொடுத்தார். அவர் தோளை இறுகப் பற்றிக்கொண்டு கணவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். அம்மாள் ஒருமுறைகூடத் தம் காலடியைப் பார்க்கவில்லை. கண் முழுவதும் அந்தப் பெண்ணின் கேமராமேல்தான் இருந்தது.