விழுங்காமல் விட்ட குளிசை

என் தம்பி பெண்சாதி உதயகலாவை இணுவிலில் தெரியாதவர்கள் குறைவு. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு புடவைக்கடையில் சேலைப் பகுதியில் நிற்கிறாள். கலியாணச் சேலை எடுக்கப் போகிற எங்கள் ஊர்ச் சனம் அவளைத்தான் தேடிப் போகும். "உங்கடை நிறத்துக்கு உது எடுக்காது அன்ரி, வைச்சிட்டு இதைப் பாருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். முதலாளி முழிசிப் பார்ப்பார். வந்தவர்கள் அவள் காட்டியதையே வாங்கிக்கொண்டு போவார்கள். வாய்க்காரி. நானும் வாய்க்காரிதான். ஒத்துப்போகிற நாளில் இரண்டுபேரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்போம். ஒத்துப்போகாத நாளில் எங்கள் சத்தம் மூன்று வேலி தாண்டிக் கேட்கும்.

இப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மட்டும் வாய் திறக்காமல் வைத்திருந்தாள். கறுப்பு, அரக்கு, கடும்நீலம் தவிர வேறு நிறத்தில் அவள் உடுப்பதில்லை. பஸ்ஸில் இடம் வெறுமையாய்க் கிடந்தாலும் இருக்கமாட்டாள், பட்டணம் வரை நின்றுகொண்டே போவாள். கைப்பையில் எப்போதும் இன்னொரு சேலை இருக்கும். கடைக்காரியின் எடுப்பு என்று நான் நக்கலடித்திருக்கிறேன். ஒருநாள் எங்கள் வீட்டுப் படியில் தலைசுற்றி இருந்துவிட்டாள். முகம் வெளிறி, உதட்டில் ஒரு பொட்டு இரத்தம் இல்லை. அப்போதுதான் சொன்னாள்.

"மாதத்திலை பத்து நாள் போகுது மச்சாள். கட்டி கட்டியாப் போகுது."

"உதை ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொன்னால் எடுக்கச் சொல்லுவியள்."

சரியாகத்தான் சொன்னாள். எனக்கும் கருப்பையில் கட்டி வந்து, பையையே எடுத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து நடக்கிறேன். ஆனால் எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள். அவளுக்கு ஒன்றும் இல்லை. செவ்வாய்க்குச் செவ்வாய் பொருந்தவேண்டும் என்று சாத்திரம் பார்த்துப் பார்த்து, என் தம்பி தியாகலிங்கத்துக்கு அவள் கழுத்தை நீட்டியபோது வயது முப்பத்தேழு. இப்போது நாற்பத்திரண்டு நடக்கிறது.

ஸ்கான் எடுத்துவிட்டு டொக்ரரிடம் போனோம். எங்கள் இருவரையும்விட வயது குறைந்த, பொறுமையான பெண்பிள்ளை. சின்னதும் பெரிதுமாய்ப் பல கட்டிகள், கருப்பை அஞ்சு மாதக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்திருக்கிறது என்றா. அஞ்சு மாதம் என்ற சொல்லைக் கேட்டதும் உதயகலா தன் வயிற்றைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. வேறு உவமானம் கிடைக்கவில்லையோ இந்தப் பிள்ளைக்கு என்று கோபமும் வந்தது.

வழி இரண்டு என்று டொக்ரர் விளங்கப்படுத்தினா. கருப்பையை முழுதாக எடுத்தால் இரத்தப்போக்கு நிற்கும், கட்டி திரும்ப வராது, பிள்ளையும் இல்லை. கட்டிகளை மட்டும் வெட்டி எடுத்தால் பை மிஞ்சும். ஆனால் கனக்க இரத்தம் போகலாம், கட்டி திரும்பவும் முளைக்கலாம், மேசையிலேயே நிலைமை மோசமானால் பையையும் எடுக்கவேண்டி வரலாம். எதைச் செய்வதானாலும் முதலில் இரத்தத்தைக் கூட்டவேண்டும் என்று இரும்புச்சத்துக் குளிசை தந்தா.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆனால் கனகாலம் யோசிக்க ஏலாது."

அன்று பின்னேரம் வீட்டில் தம்பியைக் கேட்டாள். அவனுக்குப் பலாலி வீதியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை. ஆள் நல்லவன், வாயில் பல்லுக்குப் பதில் பூட்டு. கையில் இருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டே, "உம்மடை விருப்பம்" என்றான்.

கேட்க எவ்வளவு மரியாதையான சொல்! அவள் அடுத்த கிழமையும் கேட்டாள், அதற்கடுத்த கிழமையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் "உம்மடை விருப்பம்". கிணற்றுக்குள் விழுந்தவளுக்குக் கயிறு போடாமல், எந்தப் பக்கத்தாலே ஏற விருப்பம் என்று கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. "எடா, வேணும் எண்டாவது வேண்டாம் எண்டாவது சொல்லித் துலையன்" என்று கத்தினேன். எழும்பிப் போய்விட்டான்.

என் அம்மா இரத்தினம்மா அதுவும் சொல்லவில்லை. சாமியறையில் விளக்கேற்றி வைத்துவிட்டு, "திருவிழா முடியட்டும்" என்று மட்டும் சொன்னா.

எங்கள் குறிச்சி அம்மன் கோயிலில் ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். அப்பா போனபிறகு தம்பிதான் உபயகாரன். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து நின்று, தர்ப்பை போட்டு, ஐயர் சொல்லச் சொல்லச் சங்கற்பம் செய்யவேண்டும். பெண்சாதிக்கு மாதத்துடக்கு வந்துவிட்டால் அவள் கோயில் வாசலும் மிதிக்கக் கூடாது, அவன் தனியே நிற்கவேண்டும். இதற்காகத் திருவிழாக் காலத்தில் எங்கள் பெண்கள் நாள் தள்ளிப்போடுகிற குளிசை விழுங்குவது வழக்கம். நானும் விழுங்கியிருக்கிறேன். உதயகலாவும் டொக்ரரிடம் கேளாமல் வாங்கி விழுங்கத் தொடங்கினாள். அது எனக்குத் தெரியும். இரத்தமும் நின்றது. "பாத்தியளே மச்சாள், அம்மனுக்கு என்ரை நிலைமை தெரியுது" என்றாள். அம்மனோ குளிசையோ, முகம் தெளிந்ததே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

இந்த முறை அவள் ஒரு முடிவோடு இருந்தாள். உபயத்தன்று அம்மனிடம் வாய்விட்டுப் பிள்ளை கேட்பது, பிறகு கட்டிகளை மட்டும் எடுக்கச் சொல்வது. அதற்காக முதல் நாளே தொடங்கித் தண்ணீர் கூடத் தொண்டையில் இறக்காமல் உபவாசம் இருந்தாள். இரத்தம் குறைந்த உடம்புக்கு இது என்ன விசர் வேலை என்று சண்டை பிடித்தேன். ஆண்டவனைப் பட்டினி கிடந்து வெருட்ட முடியுமென்றால் இந்த ஊரில் எத்தனை பேர் ராசாவாகியிருப்பார்கள்! அவள் கேட்கவில்லை.

வசந்தமண்டபப் பூசை நடந்துகொண்டிருந்தது. மேளமும் மணியும் காதை அடைத்தன. தம்பி வெறும் மேலோடு, விரலில் தர்ப்பையோடு முன்னுக்கு நின்றான். அரக்குப் பட்டுடுத்திப் பக்கத்தில் அவள். ஐயர் இருவருடைய பேரும் நட்சத்திரமும் சொல்லிப் புத்திரபாக்கியம் என்று உச்சரித்தபோது அவள் கண்ணை இறுக்கி மூடினாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கண் சடாரென்று திறந்தது. பின்னால் கையை நீட்டி என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். கை பனிக்கட்டி.

"மச்சாள், தொடங்கீட்டுது."

"என்ன தொடங்கினது?"

"கால் நனையுது. எனக்குப் பின்னாலை ஒட்டி வாங்கோ. ஒருத்தரும் பாக்கப்படாது."

திரும்பினோம். அவள் முன்னே, அவள் முதுகோடு முட்டிக்கொண்டு நான். தீபாராதனைக்குக் காத்து நின்ற சனம் நெருக்கி நின்றது. கை கூப்பியவர்களை இடித்துக்கொண்டுதான் போகவேண்டும். "எங்கை போறியள், பூசை முடியேல்லையே?" என்று ஒருத்தி கேட்டாள். "தேங்காய் காணாது" என்றேன், வாயில் வந்த பொய்யை. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தாள். ஆனால் அடிக்கு அடி அவளுடைய பாரம் என் மேல் கூடிக்கொண்டு வந்தது. இவள் இங்கே விழுந்தால் ஊர் பார்க்கும் என்ற பயம் போய், இவள் இங்கே செத்துப்போவாள் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. வாசல் தாண்டி, செருப்புகள் கழற்றிக் கிடந்த இடத்தில் விழுந்தாள். என் வெள்ளைச் சேலையின் முன்பக்கம் முழுக்க இரத்தம். ஓட்டோக்காரன் ஒருத்தன் ஓடி வந்து தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். தம்பி இன்னொரு ஓட்டோவில் பின்னாலேயே வந்துவிட்டான், அதே வெறும் மேல், அதே திருநீறு, விரலில் தர்ப்பை. பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கட்டிலடியில் நின்றுகொண்டான். அந்த டொக்ரர்தான் வந்தா. என்னென்ன குளிசை போட்டது என்று கேட்டா. நாள் தள்ளுகிற குளிசையை உதயகலா ஒப்புக்கொண்டாள்.

"அப்ப ஏன் இரத்தம் வந்தது? ஒழுங்காப் போட்டனீங்களோ?"

"நேற்றும் இண்டைக்கும் போடேல்லை டொக்ரர்."

"ஏன்?"

"விரதம். குளிசை விழுங்கினால் விரதம் முறிஞ்சிடும்."

துடக்கு வராமலிருக்க விழுங்கிய குளிசையை, விரதத்துக்காக விழுங்காமல் விட்டிருக்கிறாள். இரும்புச்சத்துக் குளிசையையும் அப்படியே. எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. அந்தக் குளிசையைத் திடீரென்று நிற்பாட்டினால் இரத்தம் பாய்ந்து வரும், இவ்வளவு கட்டி இருக்கிற இடத்தில் சொல்லவே வேண்டாம் என்றா டொக்ரர்.

தம்பியின் பூட்டு அப்போதுதான் திறந்தது. "எடுங்கோ டொக்ரர். முழுசா எடுங்கோ. எங்கை கையெழுத்துப் போட?"

"நில்லுங்கோ" என்றாள் உதயகலா. குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது, ஆனால் புடவைக்கடைக்காரியின் குரல். "நான் இன்னும் சொல்லேல்லை."

பிறகு டொக்ரரைப் பார்த்தாள். "கட்டியை மட்டும் எடுத்தால் எனக்குப் பிள்ளை வருமோ? என்ரை மனம் நோகுமெண்டு பாக்காமல் சொல்லுங்கோ."

"வராது எண்டு சொல்ல ஏலாது. இந்த வயசிலை, இவ்வளவு கட்டியோடை, வாய்ப்பு நல்லாக் குறைவு. இண்டைக்குப் போன மாதிரி இன்னொருக்காப் போனால் உங்களைக் காப்பாத்துறது கஷ்டம்."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்கள் சொல்லுங்கோ. உம்மடை விருப்பம் எண்டு சொல்லாதையுங்கோ. உங்களுக்குப் பிள்ளை வேணுமோ?"

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "வேணும்" என்றான். "கலியாணம் கட்டின நாள் தொடக்கம் வேணும். ஆனால் இண்டைக்கு ஓட்டோவிலை வரேக்குள்ளை எனக்குப் பிள்ளை ஞாபகம் வரேல்லை. நீர் வீட்டை வரவேணும். அவ்வளவுதான்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி அவள் அழுதாள். அவனும் அழுதான். இவ்வளவு நாளும் அவன் பிள்ளைக்காகத்தான் வாய் திறக்காமல் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவள் ஆசையை உடைக்கக் கூடாதென்று அவன் பேசாமல் இருந்திருக்கிறான். நல்ல சோடி!

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு, "எடுங்கோ டொக்ரர்" என்று தானே சொன்னாள். இரத்தம் கூடிய பிறகு ஒப்பிறேஷன் நடந்தது. நல்லபடியாய் முடிந்தது. வீட்டுக்கு வந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோயிலைத் துடக்காக்கியவள் என்று ஒரு கதை, அம்மனே பிள்ளை இல்லை என்று காட்டிவிட்டா என்று இன்னொரு கதை. பார்க்க வந்த சனம் பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமும் தந்துவிட்டுக் குசுகுசுத்துக்கொண்டு போனது. அம்மா மட்டும் அறைக்குள் வரவில்லை. உபயம் பாதியில் குழம்பிய கோபம் என்று நானும் நினைத்தேன், உதயகலாவும் நினைத்தாள். "மாமி என்னோடை கதைக்கமாட்டா போல" என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் குசினியில் அம்மி ஓடிய சத்தம் கேட்டது. மிளகு, மல்லி, வேர்க்கொம்பு, உள்ளி மணம் வீடு முழுக்க எழும்பியது. அந்த மணத்தை அறியாத யாழ்ப்பாணத்துப் பெண் இல்லை. சரக்கு. பிள்ளை பெற்று வந்தவளுக்கு மட்டும் அரைத்து வைக்கிற பத்தியக் கறி. எனக்கு மூன்று தடவையும் அம்மாதான் அரைத்துத் தந்தவ. நான் குசினிக்கு ஓடினேன். அதற்குள் அம்மா சோற்றுக் கோப்பையோடு அறைக்குள் வந்துவிட்டா. சுடுசோறு, விளைமீன் போட்ட சரக்குக் கறி.

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? ஆருக்கு என்னத்தைக் குடுக்கிறியள்?"

"வயித்தை வெட்டியிருக்கு" என்றா அம்மா. "பெத்தவளுக்கும் உந்தப் புண்தானே. உவளுக்கு ஆர் அரைச்சுக் குடுக்கிறது?"

உதயகலா கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூக்கி எறிவாள் என்றுதான் நான் நினைத்தேன். நானென்றால் எறிந்திருப்பேன். அவள் அதை மடிக்கு இழுத்தாள். குழைத்து ஒரு வாய் வைத்தாள். கண்ணீர் சோற்றில் விழ விழ, ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டாள்.

"எத்தினை பிள்ளைப்பெத்த வீட்டிலையிருந்து இந்த மணத்தோடை திரும்பி வந்திருப்பன் மாமி" என்றாள். "ஒருக்கா எனக்கும் ஆராவது அரைச்சுத் தரமாட்டினமோ எண்டு நினைச்சிருக்கிறன். நாளைக்கும் அரைப்பியளோ?"

"பெத்தவளுக்கு மாதிரி முப்பத்தொரு நாளும் முடியும் வரைக்கும் அரைப்பன்" என்றா அம்மா. "அதுமட்டும் நீ பச்சைத் தண்ணியிலை கை வைக்கப்படாது."