அக்கா என் உடம்பில் தைத்த பட்டு

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, பகிடி விடக்கூடாது, சிரிக்க வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வீட்டார் என்னை எழுதச் சொன்னார்கள். இயன்றவரை முயல்கிறேன்.

அக்கா பருத்தித்துறையில் பிறந்தார். அம்மா காலமான பின் எங்கள் மூவரையும் ஆளாக்கினார். அகதியாக இங்கு வந்து, மொன்ட்ரியால்-நோரில் ஓர் அறையில் இருந்துகொண்டு தையல் தொழிற்சாலைக்குப் போனார். வேலை முடிந்து பிரெஞ்சும், பிறகு பழைய துணிகளைப் பேணும் தொழிலும் படித்தார். டவுன்டவுன் அருங்காட்சியகம் ஒன்றில் துணிப் பிரிவில் சேர்ந்தார். எங்களை ஒவ்வொருவராக ஸ்பொன்சர் செய்து இங்கே எடுத்தவரும் அவரே.

அங்கே அவர் கைக்கு வந்தவை ஜப்பானியரின் 'நோ' என்ற பழைய முகமூடி நாடகத்தின் உடைகள். தங்க இழையிலும் வண்ணப் பட்டிலும் பூக்கள் மேலெழும்பி நிற்கும். ஊசி வேலை என்றுதான் நினைப்போம். எல்லாம் தறியில் நெய்தது. அந்த இழைகளில் ஒரு மோதிரம் பட்டாலும் இழுபட்டுவிடும். நடிகருக்கு உடுத்தும்போது, அவர் உடம்பில் வைத்தே ஊசிநூலால் தைத்து நிறுத்துவார்கள். அதை ஒருமுறையாவது தன் கையால் முழுதாகச் செய்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

உடுத்துவதில் கைதேர்ந்த ஓர் அம்மா, புதிதாக நெய்த உடையோடு ஜப்பானிலிருந்து அருங்காட்சியகத்துச் சபையில் செய்து காட்ட வந்தார். அதற்குள் புற்றுநோய் மருந்து அக்காவின் விரல் நுனிகளை மரக்கச் செய்துவிட்டது. கை தடுமாறினால் ஜப்பானிய அம்மா ஊசியை எடுப்பார் என்ற பேச்சோடுதான் அக்காவைத் தைக்க விட்டார்கள். அடுத்த கிழமை ஆஸ்பத்திரி. இன்னொரு சந்தர்ப்பம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

உடை அணிய இருந்த மாணவனுக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். அக்காவின் போன் வந்தபோது நான் கோயிலில் நின்றேன்.

"தம்பி, உடன வா. நீ சும்மா நிண்டால் காணும்."

சும்மா நிற்பது எனக்குக் கைவந்த கலை. போனேன். அக்கா என்னைப் பார்த்துத் திகைத்தார். நெற்றி, மார்பு, கை எங்கும் திருநீறு, போதாததற்குச் சந்தனம்.

"பட்டில ஒரு பொட்டுப் பட்டாலும் முடிஞ்சுது. போய்க் கழுவு."

"சாமி கோவிக்கும் அக்கா."

"சாமியோட நான் கதைக்கிறன். மோதிரத்தையும் கழட்டு."

அருங்காட்சியகக் கழிவறையில் மேல்சட்டை இல்லாமல் சவர்க்காரம் போட்டு உரஞ்சினேன். உள்ளே வந்த காவலாளி "பொன்ஜூர்" என்றுவிட்டு வந்த வழியே திரும்பினார்.

உள்ளே வெள்ளை அங்கி; அதன் மேல் பட்டு. கதவுப் பலகையைத் தோளில் ஏற்றியது போல் இருந்தது. சபை நிறையச் சனம். இரத்தம் எடுக்கப் போனாலே கதிரையில் சரிகிறவன் நான். அக்கா ஊசியோடு குனிந்ததும் என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே ஆடத் தொடங்கின.

"குத்துதோடா?"

"இல்லை அக்கா."

குத்தியது. இடுப்பில் குத்தி, பிறகு தோளிலும் குத்தியது. ஊசி எங்கே நிற்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்தே தைத்தார். நான் கத்தினால் ஜப்பானிய அம்மா கையை நீட்டிவிடுவார். அந்தப் பயம் ஊசிப் பயத்தை விடப் பெரிதாக இருந்ததால்தான் நின்றேன். வீரம் ஒன்றும் இல்லை. கடைசி முடிச்சையும் அக்காவே போட்டார். ஜப்பானிய அம்மா தன் ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அக்காவைக் குனிந்து வணங்கினார்.

பியர்பொன்ட்ஸில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பும்போது அக்கா கேட்டார்.

"வெள்ளையில ரத்தப் பொட்டுக் கண்டனான். ஏன்டா சொல்லேல்லை?"

"மயங்கிறதில பிசியா இருந்திட்டன்."

வீடு வரும்வரை சிரித்தார். ஆஸ்பத்திரியிலும் தாதிமாருக்கு இந்தக் கதையைப் பிரெஞ்சில் சொன்னார். முழங்கால் ஆடியதை ஒருவருக்கும் சொல்லாமல் விடவில்லை.

அந்தத் தாதிமாருக்கும், சூப் கொண்டுவந்த அயலவருக்கும், பனியில் பஸ் மாறி வந்த உறவுகளுக்கும், தன் ஊசியை நீட்டாமல் பொறுத்திருந்த அந்த ஜப்பானிய அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி நாட்களில் நீங்கள் மாறி மாறி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். பிடித்தது அந்த விரல்களுக்குத் தெரியாது. யாருடைய கை என்று அக்கா கண்ணைத் திறந்து பார்ப்பார். பார்த்த பிறகுதான் மூடுவார்.