கொம்பன் விழுந்த ஞாயிறு

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவரைப் பொறுமைசாலி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், போன மாதம் அவர் உடலை எடுத்த அன்றும். அவர் கம்ப்யூட்டரோடு சண்டை போட்டதை அவர்கள் பார்த்ததில்லை.

பழைய சண்டை விளையாட்டு அது. கடைசியில் கொம்பு வைத்த ஒருவன் வருவான். எட்டு மாதமாக அவரை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தான்.

“நான் கையை ஓங்குறதுக்குள்ள தடுத்துடுறாம்மா,” என்றார் மகளிடம்.

“நீங்க பட்டனை அமுக்கின உடனே அவனுக்குத் தெரிஞ்சிடும்ப்பா. புரோகிராமே அப்படித்தான்.”

“திருட்டுப் பய! இருக்கு அவனுக்கு.”

லிஃப்டில் பழுது தேடுவதுபோல் ஒவ்வொரு அசைவையும் நோட்டில் குறித்தார். தீப்பந்தை எறிந்தால் கொம்பன் ஒவ்வொரு முறையும் தாண்டிக் குதித்தான்; ஒரே தூரத்தில்தான் இறங்கினான். ஒரு ஞாயிறு மதியம் தீப்பந்தை எறிந்துவிட்டு, அவன் இறங்கும் இடத்தில் உதைத்தார். மறுபடி எறிந்தார், மறுபடி உதைத்தார். கொம்பன் சுருண்டு விழுந்தான்.

“ஜெயிச்சாச்சுல்ல, சாப்பிட வாங்க,” என்றாள் மனைவி.

“எட்டு மாசம் வாங்கியிருக்கேன். ஒரு தடவை திருப்பிக் கொடுத்தா ஆச்சா?”

பதினோரு முறை வீழ்த்தினார். பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டார்: “அவனுக்கு வலிக்குமா?”

“வலிக்காதுப்பா.”

அவர் முகம் வாடிவிட்டது. “தோத்ததாவது தெரியுமா?”

அதுவும் தெரியாதென்று அவளுக்குத் தெரியும்.

“நல்லாத் தெரியும்ப்பா. அவமானத்துல செத்துக்கிட்டிருப்பான்.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, பன்னிரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கினார்.