மூச்சு மட்டும் கேட்ட திமிங்கலம்

"வைகையில முழங்காலளவு தண்ணி வந்தாலே ஊரே வேடிக்க பாக்கப் போகுது. உனக்கெல்லாம் கடல் எதுக்குத்தா?" என்று மாமா கேட்டார். அம்மாவின் தம்பி அவர். விளாங்குடியில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். கடற்பறவைகளையும் திமிங்கலங்களையும் கணக்கெடுக்கும் வேலைக்குத் தூத்துக்குடியில் ஆள் தேடினார்கள். "ஒரு தடவ போட்டுல வந்து பாரும்மா. நின்னு வேல பாக்க முடிஞ்சா நீதான்" என்று கணக்கெடுப்பை நடத்திய சார் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்கு மேல் மாமாவின் பேச்சும் சேர்ந்துகொண்டது.

"திமிங்கலம் எம்புட்டுப் பெருசுன்னு வந்து சொல்றேன்" என்றேன்.

பங்குனி மாதம். மீன்பிடி விசைப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். படகில் ஆண்கள் எல்லாரும், நான் ஒருத்தி. கழிப்பறை கிடையாது. அதைப் பற்றி வாயைத் திறந்தால், பொம்பளப் பிள்ளையைக் கூட்டிவந்தால் இதுதான் தொல்லை என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு இது புதிதல்ல. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குக் கதவு இருந்ததில்லை. தாகத்தை அடக்கித்தான் அத்தனை வருடமும் படித்தேன்.

கரை தெரிந்தவரை நன்றாகத்தான் இருந்தது. ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் பாய்ந்து, மீனைக் கவ்விக்கொண்டு எழுந்தன. "கொண்டை ஆலா, சார்" என்று முதலில் சொன்னது நான்தான். சார் தலையாட்டினார். மாமா பார்க்கவில்லையே என்றிருந்தது.

கரை மறைந்ததும் படகு ஆட ஆரம்பித்தது. பைனாகுலருக்குள் வானம் வந்தது, தண்ணீர் வந்தது, மறுபடி வானம் வந்தது. அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன். கொடைக்கானல் பஸ்ஸில் காப்பாற்றிய பழம். இங்கே டீசல் புகைதான் மூக்கில் ஏறியது. கம்பியைப் பிடித்துக் குனிந்தேன். வயிற்றில் வெளியே வர ஒன்றுமில்லை. கசப்புத் தண்ணீர் மட்டும் வந்தது.

"கண்ண தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டு மேல வையிம்மா, சரியாப் போகும்" என்றார் படகோட்டும் அண்ணன்.

வைத்தேன். கோடே நிற்கவில்லை.

அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் விடாமல் உட்கார்ந்து படித்ததால் கிடைத்தது. புரியாத ஆங்கிலத்தைக்கூடப் புரியும்வரை மனப்பாடம் செய்திருக்கிறேன். இங்கே அப்படி முட்டிமோத ஒன்றுமே இல்லை. எழுந்திரு என்றேன், கால் கேட்கவில்லை. படகைத் திருப்பச் சொன்னால் எல்லாருடைய நாளும் வீணாகும். ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில், வலைக் குவியல்மேல் சுருண்டு படுத்தேன். பைனாகுலரை யாரோ என் கழுத்திலிருந்து கழற்றியது தெரிந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ, திடீரென்று எல்லாரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். படகு சாய்ந்தது.

"அந்தா! அந்தா! ஏ அப்பா, முதுகப் பாருடா!"

"ஏம்மா, எந்திரிம்மா! இதுக்குத்தானே வந்த?"

ஐஸ்பெட்டியைப் பிடித்து முழங்காலில் எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்து மறுபடி விழுந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. திண்டுக்கல் ரோட்டில் லாரி நிற்கும்போது புஸ்ஸென்று காற்றை விடுமே, அப்படி. ஆனால் அதைவிட நீளமாக, ஈரமாக. அழுகின மீன் வாடை வந்தது. இன்னொரு தடவை கேட்டது. அதன்பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது, அது போய்விட்டது.

கரையில் இறங்கியபோது சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"உடம்பு ஒத்துக்கலன்னா யாரு என்னம்மா பண்ண முடியும்? அமாவாச கழிச்சு இன்னொரு தடவ போறோம். வேணும்னா வா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

வீட்டுக்கு வந்த அன்றே மாமாவும் வந்துவிட்டார்.

"என்னத்தா, எம்புட்டுப் பெருசு?"

"பாக்கல மாமா. மூச்சு விட்டதுதான் கேட்டுச்சு."

"மூச்சக் கேக்கவா தூத்துக்குடி வரைக்கும் போன? எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே விட்டுக் காட்டியிருப்பேனே!" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "சித்திரைப் பொருட்காட்சி வரட்டும். தமுக்கம் மைதானத்துல கொலம்பஸ் ராட்டினத்துல ஏறிப் பழகு. அதுவும் போட்டுதான்."

அடுத்த தடவையும் அதே கடல், அதே உடம்பு. தண்ணீர் குடித்தால் தலைசுற்றல் குறையுமா என்றுகூட எனக்குத் தெரியாது. குடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் மெயின் ரோட்டு எஸ்டிடி பூத்தில் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு சாருக்குப் போன் போட்டேன்.

"வாரேன் சார். ஆனா போட்டுல பின்பக்கம் ஒரு மறைப்பு கட்டணும். ஒரு வாளியும் வேணும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். "மறைப்புக்கு என்ன பண்றது?"

"அது நான் கொண்டுவாரேன் சார்."

அம்மாவின் பழைய சேலைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்து, மேல் ஓரத்தில் கயிறும் கோத்துவிட்டேன். காற்று தூக்காமல் இருக்க, கீழ் ஓரத்தை மடித்து உள்ளே கூழாங்கல் வைத்துத் தைத்திருக்கிறேன். தண்ணீர்ப் பாட்டிலோடு அது பையில் இருக்கிறது.