தெரிந்தே போட்ட கோட்டு

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ரயில் நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக ரத்தினம் வந்திருக்கிறான். நாற்பது வருடங்களுக்குப் பிறகு சந்திக்கிறோம். அவன் வீட்டுக்குப் போகும் பேருந்துக்கு இன்னும் எட்டு நிமிடம். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

கிளாஸ்கோவில் படித்தபோது எங்களுக்கு ஒரே அறை. கடையொன்றில் இரண்டு குளிர்கோட்டுகளைத் திருடி, ஒன்றை எனக்குத் தந்தான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே போட்டுக்கொண்டேன். பிடிபட்டபோது என் பெயரை அவன் சொல்லவில்லை. தனியாகவே சிறைக்குப் போனான்.

திருடப்பட்டது என்று அறிந்தும் ஒரு பொருளை வைத்துக்கொள்வது ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் தனிக் குற்றம். ‘ரீசெட்’ என்பார்கள். பிறகு சட்ட விரிவுரையாளனாகி அந்த வரைவிலக்கணத்தை முப்பது வருடம் கற்பித்தேன். என் குற்றத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“நானும் பொலிசிட்ட போய்ச் சொல்லியிருக்க வேணும், ரத்தினம்.”

“உனக்கென்ன விசரோ? நீயும் உள்ள வந்திருந்தா என்னைப் பாக்க ஆர் வந்திருப்பினம்?”

“நான் ரெண்டு ஞாயிறுதானே வந்தனான்.”

“ஓம். வேற ஒருத்தரும் வரேல்லையே.”

பேருந்து வந்து நிற்கிறது.

“பேசாம ஏறு. மனுசி இடியப்பம் அவிச்சு வைச்சிருக்கிறா.”

பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நன்றி என்ற ஒரு சொல்தான் வருகிறது.