சேக் இஸ்மாயிலின் மூன்றாவது விமானம்

வில்லாபுரத்தில் கல்யாண மேடைகளுக்குத் தெர்மாகோல் அலங்காரம் செய்பவர் சேக் இஸ்மாயில். என்னுடைய இருபது வருடக் கூட்டாளி. நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு ரிமோட் விமானக் கிறுக்குப் பிடித்தது. மேடைக்காரர் அல்லவா, பார்வைக்கு மிரட்டலாக இருந்த போர் விமான மாடல்களாகப் பார்த்து இரண்டு வாங்கி, பாகங்களை ஒட்டிச் சேர்த்தார். இரண்டும் பத்து வினாடி தாண்டவில்லை, தூள்தூளாகிவிட்டன.

"இதுவும் ஒடைஞ்சா ரிமோட்ட வித்துர்றேன்" என்று மனைவி ஃபாயிஸாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மூன்றாவதில் கை வைத்தார். கொடுத்த நாளிலிருந்து அவர் முகமே சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த மனிதருக்கு இந்த ஒரு சந்தோஷம்தான்.

இந்தத் தடவை அழகைப் பார்க்கவில்லை. இறக்கை மேலே இருக்கும், மெதுவாகப் போகும், மோட்டார் நின்றாலும் மிதந்தபடி இறங்கும் சாதுவான ரகமாகத் தேர்ந்தெடுத்தார். உடம்பும் இறக்கையும் கடையில் மிஞ்சிய தெர்மாகோலிலேயே ஆகிவிட்டன. மோட்டாரும் பேட்டரியும்தான் செலவு.

வில்லாபுரத்துக்குப் பக்கத்திலேயே ஏர்போர்ட். அங்கே விட முடியாது. அறுப்பு முடிந்த என் மேலூர் வயலுக்குக் கொண்டுவந்தார். ஃபாயிஸாவும் கூடவே வந்தார், சாட்சிக்கு.

இஸ்மாயில் ரிமோட்டைப் பிடிக்க, நான் விமானத்தை எறிந்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், பொத்தென்று வைக்கோலில் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினேன். பின்பாரம் கூடி வால் தொங்கியது.

"பேட்டரிய எங்க பாய் வச்சீங்க?"

"பின்னாடிதான் மாப்ள. மேடையில கனத்த எப்பவும் பின்னாடிதான வைப்போம்? இல்லேன்னா பொண்ணு மாப்பிள்ள தலையில சாஞ்சுரும்ல!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பேட்டரியைக் கழற்றி மூக்குப் பக்கம் திணித்து டேப் ஒட்டினார்.

மறுபடி எறிந்தேன். நேராகப் போய், நிதானமாக ஏறி, கரண்டுக் கம்பிக்கு முன்னாலேயே திரும்பி எங்கள் தலைக்கு மேல் வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் இஸ்மாயில்.

நாலாவது சுற்றில், "எறக்கிரவா மாப்ள?" என்று என்னைத்தான் கேட்டார். ஃபாயிஸா முந்திக்கொண்டார்.

"பையப் பைய எறக்குங்க. ஒடச்சுப்புட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை எத விடுவீங்க?"

விமானம் வைக்கோல் மேல் வழுக்கிப் போய் நின்றது. அதை எடுக்க ஃபாயிஸாதான் போனார். இஸ்மாயில் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.